ரிட்டயர்மென்ட் கோர்ஸா, அட்வைசரா? ஒரு கோட்டின் வரலாறு

1963 டிசம்பர் 9, திங்கட்கிழமை. கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டு 17 நாள்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவே துக்கத்துல இருந்த நேரம். அன்னைக்கு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ரெண்டு விஷயங்கள் நடந்தன. ரெண்டையும் சேர்த்துப் படிச்சா, நம்ம இன்பாக்ஸுக்கு வாரா வாரம் வர ஒரு கேள்விக்குப் பாதி பதில் கிடைச்சிடும்னு நான் நினைக்கிறேன்.

முதல் விஷயம் இண்டியானா மாநிலத்துல சவுத் பெண்ட் என்ற ஊரில் நடந்தது. அங்கே ஸ்டூடபேக்கர்னு ஒரு கார் கம்பெனி. 1852ல் அண்ணன் தம்பி ரெண்டு பேர் போட்ட கொல்லுப்பட்டறையில் ஆரம்பிச்சது. முதல்ல குதிரை வண்டி செஞ்சாங்க, பிறகு கார். ஊரே அந்தக் கம்பெனியை நம்பித்தான் இருந்தது. அன்னைக்குத்தான் தொழிற்சாலையை மூடப்போறதா அறிவிப்பு வந்தது.

வேலை போறது ஒரு அடி. நிஜமான அடி அடுத்த வருஷம் பென்ஷன் திட்டத்தைக் கலைச்சப்போ விழுந்தது. ஏற்கனவே ஓய்வு பெற்றவங்க, 60 வயசைத் தாண்டினவங்க, இவங்க சுமார் 3,600 பேருக்கு முழுப் பென்ஷன். 40ல இருந்து 59 வயசுக்குள்ள இருந்த, குறைஞ்சது 10 வருஷம் வேலை பார்த்த சுமார் 4,000 பேருக்கு, சேர வேண்டிய ஒவ்வொரு டாலருக்கும் 15 சென்ட். மீதி சுமார் 2,900 பேருக்கு ஒண்ணுமே இல்லை. அந்த நடுக் கூட்டத்தோட சராசரி வயசு 52, சராசரி சர்வீஸ் கிட்டத்தட்ட 23 வருஷம். உங்க அப்பாவை அந்த இடத்துல வச்சுப் பாருங்க. 29 வயசுல ஆலைக்குள்ள போனவர், 52 வயசுல வெளியே வர்றார், கையில ரூபாய்க்கு 15 பைசா.

யாரும் பணத்தைத் திருடிட்டுப் போகலை, அதைக் கவனிங்க. பென்ஷன் திட்டமே 1950லதான் தொடங்குச்சு. அதுக்கு முன்னாடி செஞ்ச வேலைக்கும் பென்ஷன் உண்டுன்னு வாக்குக் கொடுத்துட்டாங்க. ஆனா அதுக்கான பணத்தைப் பல வருஷத்துக்குப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. பானை நிறையறதுக்கு முன்னாடியே கடையைக் கட்டிட்டாங்க, அவ்வளவுதான்.

ரெண்டாவது விஷயம் வாஷிங்டன்ல. அதே நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. 'கேப்பிட்டல் கெய்ன்ஸ் ரிசர்ச் ப்யூரோ'ன்னு ஒரு நிறுவனம், வருஷத்துக்கு 18 டாலர் சந்தாவுக்கு, சுமார் 5,000 பேருக்கு ஒரு முதலீட்டு மடல் அனுப்பிக்கிட்டு இருந்தது. 1960ல, எட்டு மாசத்துக்குள்ள ஆறு தடவை ஒரே வேலையைச் செஞ்சது. ஒரு ஷேரை முதல்ல தான் வாங்கிக்கும். அப்புறம் "இது நீண்ட காலத்துக்கு நல்ல ஷேர்" என்று மடலில் எழுதும். வாசகர்கள் வாங்குவாங்க, விலை ஏறும், சில நாள்லயே இது வித்துடும். டெலிகிராம் சேனல் பார்த்து வளர்ந்த நமக்கு இது ரொம்பப் பழகின கதை. டெலிகிராம் மட்டும்தான் புதுசு.

"இதையெல்லாம் வாடிக்கையாளர்கிட்ட சொல்லச் சொல்லுங்க"ன்னு அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் கேட்டப்போ, கீழ் நீதிமன்றங்கள் மறுத்துட்டாங்க. கெடுதல் பண்ணணும்னு அவங்க நினைச்சதா நிரூபிக்கலையேன்னு வாதம். உச்ச நீதிமன்றம் அதை மாத்தியது. 1940ல் கொண்டுவந்த முதலீட்டு ஆலோசகர் சட்டத்தோட உயிரே, ஆலோசகர் என்பவர் வாடிக்கையாளருக்கு ஒரு அறங்காவலர் மாதிரி கடமைப்பட்டவர் என்பதுதான் என்றது. உங்க நலன் ஒரு பக்கம், என் லாபம் ஒரு பக்கம் இழுக்குதுன்னா, அதை நான் உங்ககிட்ட மறைக்கக் கூடாது. கெட்ட எண்ணம் இருந்துச்சான்னு தேட வேண்டியதில்லை, மறைச்சதே தப்பு.

ஒரே நாள். கம்பெனி தர்ற பென்ஷனை நம்பி வாழ்ந்துடலாம் என்ற நம்பிக்கைக்கு ஒரு ஊரில் ஓட்டை விழுந்தது. உங்க பணத்தைப் பத்தி ஆலோசனை சொல்றவருக்கு என்ன கடமை என்பதை இன்னொரு ஊரில் எழுதி வச்சாங்க. இது தற்செயல்தான், இதுல சதி கிதி எதுவும் இல்லை. ஆனா அடுத்த 60 வருஷக் கதை இந்த ரெண்டு நூலும் பின்னிக்கிட்டதுதான்.

முதல் நூலைப் பிடிப்போம். ஸ்டூடபேக்கர் தொழிலாளர்கள் கதை தொழிற்சங்கங்கள் வழியா அரசியலுக்குப் போச்சு. 11 வருஷம் இழுத்து, 1974 செப்டம்பர் 2, அவங்க ஊர் தொழிலாளர் தினத்தன்று, ஜனாதிபதி ஃபோர்டு 'எரிசா' என்ற சட்டத்துல கையெழுத்துப் போட்டார். பென்ஷன் நிதியை ஒழுங்கா நிரப்பணும், கம்பெனி கவிழ்ந்தா காப்பாத்த ஒரு அரசுக் காப்பீட்டு நிறுவனம், பணத்தை நிர்வகிக்கிறவங்களுக்குக் கடுமையான பொறுப்புன்னு நல்ல நல்ல விதிகள். நாலு வருஷம் கழிச்சு, 1978ல, ஒரு வரிச் சட்டத்தின் மூலையில் ஒரு சின்னப் பிரிவு சேர்ந்தது. அதோட எண் 401, உட்பிரிவு கே.

அந்தப் பிரிவை எழுதினவங்களே அது இவ்வளவு பெரிசாகும்னு நினைக்கலை. 1980ல பென்சில்வேனியாவில் டெட் பென்னான்னு ஒரு ஆலோசகர், ஒரு வங்கிக்கு போனஸ் திட்டம் வடிவமைச்சுக்கிட்டு இருந்தார். இந்தப் பிரிவைப் படிச்சு, தொழிலாளி தன் சம்பளத்துல இருந்தே வரி கட்டாம சேமிக்கலாம், கம்பெனி கூட கொஞ்சம் போடலாம்னு ஒரு வழி கண்டுபிடிச்சார். வங்கி வேண்டாம்னுடுச்சு. அவர் வேலை பார்த்த கம்பெனியிலேயே 1981ல தொடங்கினாங்க. டாக்குமென்டேஷனை ஒழுங்காப் படிக்கிற ஒரு எஞ்சினியர் மாதிரி இவர். யாரும் கவனிக்காத ஒரு ஃபங்ஷனைக் கண்டுபிடிச்சு, அது மேல ஒரு நாட்டோட ரிட்டயர்மென்டே ஓடுது இப்போ.

இதுல மாறினது என்ன? முன்னாடி பானை கம்பெனியோடது. நிறையலைன்னா கம்பெனி பதில் சொல்லணும். இப்போ ஆளுக்கொரு பானை. எவ்வளவு போடணும், எந்த ஃபண்டுல போடணும், எப்போ எடுக்கணும், எல்லா முடிவும் தொழிலாளி தலையில. ரெண்டு ஷிப்ட் பார்த்துட்டு வீட்டுக்கு வர மனுஷன் திடீர்னு ஃபண்ட் மேனேஜர் ஆகிட்டார்.

யாராவது அவருக்கு உதவணும் இல்லையா? இங்கதான் கோர்ஸும் அட்வைசரும் கதைக்குள்ள வர்றாங்க.

அட்வைசர் தொழிலோட பிறப்பே ஒரு கோர்ஸ்தான் என்பது எனக்குப் பிடிச்ச தகவல். 1969 டிசம்பர்ல சிகாகோ விமான நிலையத்துக்குப் பக்கத்துல ஒரு ஹோட்டலில் 13 பேர் கூடினாங்க. பெரும்பாலும் இன்ஷூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட் விற்பனை உலகத்தைச் சேர்ந்தவங்க. 'விக்கிறவன்' என்ற பேரை மாத்தி 'திட்டமிட்டுத் தர்றவன்' என்ற தொழிலை உருவாக்கணும்னு முடிவு பண்ணாங்க. ஒரு கல்லூரி, ஒரு பாடத்திட்டம், ஒரு பட்டம். 1973ல முதல் தொகுதியா 42 பேர் 'சி.எஃப்.பி.' பட்டம் வாங்கினாங்க. பட்டம் மாறுச்சே தவிர வருமானம் பெரும்பாலும் பழையபடி கமிஷன்தான். கமிஷன் வாங்க மாட்டோம், வாடிக்கையாளர் தர்ற கட்டணம் மட்டும்தான்னு சொன்னவங்க தனியா ஒரு சங்கம் வைக்க 1983 வரைக்கும் ஆச்சு. அவங்க எப்பவுமே சிறுபான்மைதான்.

இனி ரெண்டாவது நூல். கிறிஸ்டோபர் லோ என்ற ஆலோசகர். வாடிக்கையாளர் பணத்தைக் கையாடினது உட்படப் பல குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர். 1981ல ஆணையம் அவரோட பதிவை ரத்து பண்ணுச்சு. அவர் சளைக்கலை, ஆலோசகரா இல்லாம மடல் எழுதுறவரா தொடர்ந்தார். ஆணையம் வழக்குப் போட்டது. 1985 ஜூன் 10ல உச்ச நீதிமன்றத்தில் லோ ஜெயிச்சார். எட்டு நீதிபதிகள், எதிர்ப்பு ஒண்ணு கூட இல்லை. காரணம் ரொம்ப எளிமையானது. அவர் எல்லாருக்கும் ஒரே விஷயத்தை எழுதுறார். உங்க சம்பளம், உங்க கடன், உங்க வயசு எதுவும் அவருக்குத் தெரியாது. தனி ஆளுக்குச் சொல்லாத வரைக்கும் அவர் ஆலோசகர் இல்லை, ஒரு பத்திரிகைக்காரர் மாதிரி.

கோடு விழுந்த இடம் இதுதான் மக்களே. ஆயிரம் பேருக்குப் பொதுவாச் சொன்னா அது பேச்சு, கல்வி. ஒருத்தருக்கு அவர் கணக்கைப் பார்த்துச் சொன்னா அது ஆலோசனை. ஆலோசனைன்னா கடமை உண்டு, பதிவு உண்டு, வழக்கு உண்டு. கல்வின்னா அந்தப் பாரம் எதுவும் இல்லை.

இந்தத் தீர்ப்பு தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். பேச்சுரிமை இல்லைன்னா இந்தப் பாட்காஸ்டே இல்லை. ஆனா அதோட விளைவைப் பாருங்க. கடமை பக்கம் நிக்கறது செலவு, கல்வி பக்கம் நிக்கறது மலிவு. அப்போ எல்லாரும் எந்தப் பக்கம் ஓடுவாங்க?

கம்பெனிகளும் ஓடினாங்க. "எந்த ஃபண்டுல போடலாம் சார்?"னு ஊழியர் கேட்டா, பதில் சொன்ன கம்பெனி எரிசா சட்டப்படி பொறுப்பாளி ஆயிடுமோன்னு பயம். 1996ல அமெரிக்கத் தொழிலாளர் துறை ஒரு விளக்கம் வெளியிட்டது. திட்டத்தைப் பத்தின தகவல், பொதுவான முதலீட்டுப் பாடம், மாதிரி ஒதுக்கீடுகள், கணக்குப் போட்டுப் பார்க்கிற கருவிகள், இந்த நாலும் கல்வி, ஆலோசனை இல்லை. பயம் தீர்ந்தது. மதிய சாப்பாட்டு நேரத்துல ஸ்லைடு போட்டு ரிட்டயர்மென்ட் வகுப்பு எடுக்கிறது கார்ப்பரேட் வழக்கமே ஆச்சு. இன்னைக்கு ஓ.எம்.ஆர்.ல உங்க கம்பெனி ஹெச்.ஆர். ஏப்ரல் மாசம் நடத்துற 'ஃபைனான்ஷியல் வெல்னஸ்' செஷன் இருக்கே, அதோட கொள்ளுத்தாத்தா அதுதான்.

அந்த வகுப்புகள் வேலை செஞ்சதா? 2002ல நாலு பொருளாதார அறிஞர்கள் ஒரு கம்பெனியோட தரவை வச்சு எழுதின ஆய்வு எனக்கு மறக்கவே மறக்காது. சேமிப்புத் திட்டத்துல இன்னும் சேராத ஊழியர்கள் வகுப்புக்கு வந்தாங்க. முடிச்சு வெளியே வரும்போது கேட்டா, சேரப் போறேன்னு சொன்னவங்க 100 சதவீதம். ஆறு மாசத்துல உண்மையா சேர்ந்தவங்க 14 சதவீதம். வகுப்புக்கே போகாதவங்கள்ல 7 சதவீதம் பேர் தானா சேர்ந்திருந்தாங்க. வகுப்பு இரட்டிப்பாக்கியது என்று விளம்பரம் பண்ணலாம், பொய் இல்லை. 86 பேர் ஆர்வத்தோட வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டாங்கன்னும் சொல்லலாம், அதுவும் பொய் இல்லை.

அதே காலத்துல வந்த இன்னொரு ஆய்வில, ஒரு கம்பெனி ஒரே ஒரு டீஃபால்ட்டை மாத்தியது. முன்னாடி, சேரணும்னா ஃபாரம் நிரப்பணும். மாத்தின பிறகு, வேண்டாம்னாதான் ஃபாரம். புது ஊழியர்கள்ல சேர்ந்தவங்க 49 சதவீதத்துல இருந்து 86 சதவீதம் ஆச்சு. கோர்ஸ் இல்லை, அட்வைசர் இல்லை. ஒரு பூலியன் வேரியபிள். 2006ல அமெரிக்காவில் இதுக்குச் சட்டமே ஊக்கம் கொடுத்தது. நம்ம ஊர் பி.எஃப். இந்த விஷயத்துல 1952லயே புத்திசாலி. உங்ககிட்ட கேக்கறதே இல்லை, 12 சதவீதம் பிடிச்சுட்டுத்தான் மீதி. வேலை மாறும்போது அதை எடுத்துச் செலவழிக்காம இருந்தீங்கன்னாலே, பாதி கோர்ஸ் முடிச்ச மாதிரி.

அட்வைசர் பக்கம் மட்டும் யோக்கியமான்னா, அதுவும் இல்லை. 2012ல வெளிவந்த ஒரு ஆய்வுக்காக, பாஸ்டன் வட்டாரத்துல பயிற்சி கொடுத்த ஆட்களை வாடிக்கையாளர் வேஷத்துல அட்வைசர்கள்கிட்ட அனுப்பினாங்க. வந்தவர் கையில ஏற்கனவே செலவு குறைஞ்ச இண்டெக்ஸ் ஃபண்ட் இருந்தாலும், அதிகக் கட்டண ஃபண்டுக்குத் தள்ளப் பார்த்தாங்க. இலவசக் கல்வியோட நிலைமை இன்னும் மோசம். முதியவங்களுக்கு இலவசச் சாப்பாடு போட்டு நடத்துற 'ரிட்டயர்மென்ட் செமினார்'களை 2007ல அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் சோதிச்சாங்க. 110 நிறுவனங்கள். கல்வின்னு விளம்பரம், ஆனா அத்தனையும் விற்பனைக் கூட்டம். சுமார் பாதி இடங்கள்ல மிகைப்படுத்தின அல்லது தவறான வாக்குறுதிகள். சாப்பாடு நல்லா இருந்திருக்கும், அதுல சந்தேகம் இல்லை.

கட்டணம் வாங்கிட்டு ஓய்வூதிய ஆலோசனை சொல்ற எல்லாரையும் கடமைக் கோட்டுக்குள்ள கொண்டுவர 2016ல ஒபாமா அரசு ஒரு விதி போட்டது. 2018ல ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ஏன்னா இதே படம் இங்கே தாமதமா ரிலீஸ் ஆச்சு.

நம்ம ஸ்டூடபேக்கர் தருணம் ஆலை மூடல் இல்லை, ஒரு அரசாணை. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு அரசு வேலையில் சேர்ந்தவங்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது, பங்களிப்புத் திட்டம்தான்னு அப்போ மாத்தினாங்க. மத்திய அரசு 2004 ஜனவரி 1ல இருந்து. ஐ.டி.யில் இருக்கிற நமக்கு முதல் நாள்ல இருந்தே ஆளுக்கொரு பானைதான். அப்பா தலைமுறைக்கு ஆலோசனை சொன்னது யாரு? சாயங்காலம் பையோட வீட்டுக்கு வந்து காபி குடிச்சிட்டுப் போற எல்.ஐ.சி. ஏஜென்ட் மாமா. அவர் ஃபீஸ் கேட்டதே இல்லை. அதனால ஆலோசனைன்னா இலவசம்னு ஒரு முழுத் தலைமுறை நம்பிடுச்சு.

இலவசத்தோட விலை என்னன்னா, ஆயுள் காப்பீட்டுல முதல் வருஷப் பிரீமியத்தில் 35, 40 சதவீதம் வரைக்கும் கமிஷன் கொடுக்கச் சட்டமே அப்போ அனுமதிச்சது. 2000களில் யூலிப் அலை வந்தது. மூணு வருஷம் கட்டினா போதும், பணம் டபுள்னு வித்தாங்க. மோனிகா ஹாலன், ரேணுகா சானே, சூசன் தாமஸ் மூணு பேரும் எழுதின ஆய்வுப்படி, 2004-05ல இருந்து 2011-12 வரைக்கும் தவறா விற்கப்பட்ட பாலிசிகளால மக்கள் இழந்தது சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய். நம்ம வீட்டு அலமாரிகள்லயும் அந்தக் கோடியோட சில துளிகள் பாலிசிப் பத்திரமா இருக்கும், தேடிப் பாருங்க. இன்னொரு ஆய்வில, ஏஜென்ட்கள்கிட்ட ஆட்களை அனுப்பிச் சோதிச்சாங்க. டேர்ம் பாலிசிதான் பொருத்தமான ஆளுக்கும் கமிஷன் அதிகமான முழு ஆயுள் பாலிசியைத்தான் பெரும்பாலும் பரிந்துரை பண்ணாங்க. மாமா கெட்டவர்னு நான் சொல்லலை. அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வந்ததுன்னுதான் சொல்றேன்.

2009 ஆகஸ்ட் 1ல செபி மியூச்சுவல் ஃபண்டுகளோட நுழைவுக் கட்டணத்தை ரத்து பண்ணுச்சு. அதுவரைக்கும் நீங்க போடற 100 ரூபாய்ல 2.25 ரூபாய் வரைக்கும் முதல்லயே போயிடும். 2013 ஜனவரி 1ல 'டைரக்ட்' பிளான்கள் வந்தன. அதே ஜனவரியில முதலீட்டு ஆலோசகர் விதிகள். கட்டணம் வாங்குற ஆலோசகர் செபியில பதிவு பண்ணணும், வாடிக்கையாளர் நலனே முதல் கடமை. அமெரிக்கா 1940ல எழுதினதை நாம 2013ல எழுதினோம். 73 வருஷம்.

அந்த விதியிலயும் ஒரு விலக்கு உண்டு. பத்திரிகை, தொலைக்காட்சி, இணையம் மாதிரி எல்லாருக்கும் கிடைக்கிற ஊடகத்தில் சொல்றது ஆலோசனையாக் கருதப்படாது. லோ வழக்கு ஞாபகம் வருதா? அதே கோடு. ஆனா 1985ல மடல் எழுத அச்சகமும் தபால்தலையும் வேணும். 2020ல வீட்டுல அடைஞ்சு கிடந்த ஊருக்கு ஒரு ஃபோன், ஒரு ரிங் லைட் போதும். அதே 2020ல செபி பதிவு பெற்ற ஆலோசகர்களுக்கு விதிகளை இன்னும் இறுக்கியது. ஒரே வாடிக்கையாளருக்கு ஆலோசனையும் விற்பனையும் சேர்த்துப் பண்ணக் கூடாது, கட்டணத்துக்கு உச்சவரம்புன்னு. ஒவ்வொண்ணும் நியாயமான விதி. மொத்தமாப் பார்த்தா என்ன ஆச்சு? 140 கோடிப் பேர் இருக்கிற நாட்டுல பதிவு பெற்ற ஆலோசகர்கள் சுமார் ஆயிரம் பேர். கோர்ஸ் விக்கிறவங்களை எண்ண யாராலும் முடியாது. கோட்டின் ஒரு பக்கம் பாரத்தை ஏத்திக்கிட்டே போனா, கூட்டம் மறுபக்கம் சேரத்தான் செய்யும். இது என் கருத்து, செபி ஒத்துக்காது.

2023 அக்டோபர்ல 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பேருல இயங்கின முகமது நசீருதீன் அன்சாரி விஷயத்தில் செபி ஒரு இடைக்கால உத்தரவு போட்டது. கல்வி என்ற போர்வையில் பதிவில்லாம எதை வாங்கு, எதை வித்துடுன்னு சொன்னதாக் குற்றச்சாட்டு. வசூலிச்ச 17 கோடிக்கும் மேலான தொகையைத் தனிக் கணக்கில் வைக்கச் சொன்னாங்க. 2025 ஜனவரியில் இன்னொரு சுற்றறிக்கை. கல்வி மட்டும்தான் தர்றேன்னு சொல்றவர், கடைசி மூணு மாச விலையை வச்சு எந்தப் பங்கையும் பேர் சொல்லிப் பாடம் எடுக்கக் கூடாதுன்னு அதுல சொன்னாங்க. பழைய வினாத்தாளை வச்சுப் பாடம் நடத்து, நாளைக்கு வரப்போற வினாத்தாளை விக்காதேன்னு அர்த்தம்.

இப்போ நம்ம இன்பாக்ஸ் கேள்வி. "ப்ரோ, ரிட்டயர்மென்ட் பிளானிங் கோர்ஸ் ஒண்ணு 25,000 ரூபாய். அதே காசுக்கு ஒரு அட்வைசரும் கிடைப்பார் போல. எதுக்குக் கட்டலாம்?" எழுதினவங்கள்ல முக்கால்வாசிப் பேர் 25ல இருந்து 32 வயசு.

உங்க வயசுல, பி.எஃப். ஓடிக்கிட்டு இருக்கு, கல்யாணக் கடன் கார் கடன் பெரிசா இல்லை, ஒரு டேர்ம் பாலிசி, ஒரு மருத்துவக் காப்பீடு, ஒரு ரெண்டு இண்டெக்ஸ் ஃபண்ட் எஸ்.ஐ.பி., இவ்வளவுதான் விஷயம்னா ரெண்டுக்கும் கட்ட வேண்டாம். செபியும் அதோட பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம்.மும் முதலீட்டாளர்களுக்குன்னு ஒரு சான்றிதழ்த் தேர்வு நடத்துறாங்க. பாடமும் இலவசம், தேர்வும் இலவசம். 25,000 ரூபாய் கோர்ஸ்ல அடிப்படை பகுதியா வரப்போறதுல பெரும்பங்கு அதுல இருக்கு. இல்லாதது 'கம்யூனிட்டி ஆக்சஸ்' மட்டும்தான்.

கோர்ஸ் எடுக்கவே கூடாதுன்னு சொல்ல வரலை. கோர்ஸோட பெரிய பலம், ஒரு தடவை கட்டினா முடிஞ்சது. அட்வைசர் உங்க சொத்தில் வருஷத்துக்கு 1 சதவீதம்னு வாங்கினா, கேக்க சின்னதா இருக்கும். 30 வருஷத்துக்கு 0.99ஐ 0.99ஆல பெருக்கிக்கிட்டே போங்க, சுமார் 0.74 வரும். கட்டணம் இல்லைன்னா 100 ஆகியிருக்க வேண்டியது 74. கால்வாசிக்கும் மேல. அதனால அட்வைசர்னா நிலையான கட்டணம் வாங்குறவரைப் பாருங்க. செபி விதிப்படி இப்போ அதுக்கு உச்சவரம்பு ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 1,51,000 ரூபாய். உச்சவரம்புதான், எல்லாரும் அவ்வளவு வாங்கணும்னு இல்லை. பதிவு எண் 'ஐ.என்.ஏ.'ன்னு ஆரம்பிக்கும், செபி தளத்துல போட்டுப் பார்க்கலாம். 'ஏ.ஆர்.என்.' எண் காட்டினா அவர் ஃபண்ட் விநியோகஸ்தர், கமிஷன்ல வாழ்றவர். ரெண்டும் சட்டபூர்வமான தொழில்தான், ஆனா ஒண்ணு இல்லை.

கோர்ஸோட பலவீனம் எங்க தெரியும்னா, 2020 மார்ச் 23 மாதிரி ஒரு நாள்ல. சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. வீடியோ நம்பர் 14ல "பதறாதீங்க"ன்னு சொல்லியிருப்பார். அதுக்கு முன்னாடி வாரம் பார்த்தப்போ புரிஞ்சும் இருக்கும். ஆனா அன்னைக்கு ராத்திரி 11 மணிக்கு ரெக்கார்டிங்குக்கு உங்க பேர் தெரியாது, உங்க ஹோம் லோன் தெரியாது. தப்பாச் சொல்லியிருந்தாலும் அதுக்குக் கடமை கிடையாது. 1985லயே தீர்ப்பு வந்தாச்சு.

அப்போ அட்வைசருக்கு எப்போ காசு கட்டலாம்? எனக்குத் தெரிஞ்சு, உங்களை விட உங்க அப்பா அம்மாவுக்குத்தான் அவசரம். அப்பா ரிட்டயர் ஆகுற மாசம் பி.எஃப்., கிராஜுவிட்டி, லீவ் சம்பளம் எல்லாம் சேர்ந்து வாழ்நாள்ல பார்க்காத ஒரு தொகை ஒரே அக்கவுண்டுக்கு வரும். அந்த மெசேஜ் அவருக்கு வர்றதுக்கு முன்னாடியே வங்கியோட ரிலேஷன்ஷிப் மேனேஜருக்குத் தெரியும். 'சார், உங்களுக்காக ஸ்பெஷலா'ன்னு ஒரு ஃபோன். 60 வயசுக்காரருக்கு பத்து வருஷப் பிரீமியம் பாலிசி. எவ்வளவு தொகையை சீனியர் சிட்டிசன் திட்டத்துல வைக்கணும், எவ்வளவு அன்யூட்டி, அம்மா பேர்ல எவ்வளவு, வருஷா வருஷம் எவ்வளவு எடுக்கலாம், இதுக்கெல்லாம் பொதுவான பதில் கிடையாது. அவங்க உடம்பு, வீடு, கடன், உங்க தங்கச்சி கல்யாணம் எல்லாத்தையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். தப்பு பண்ணினா திருத்த இன்னொரு 30 வருஷ சம்பளமும் இல்லை. அந்த மாசத்துக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவை, கமிஷன் வாங்காத ஒரு பதிவு பெற்ற ஆலோசகருக்கு ஃபீஸ் கட்டுங்க. அப்பா திட்டுவார், "இதைச் சொல்றதுக்கா இவ்வளவு காசு"ம்பார். ஏஜென்ட் மாமா பழக்கம், சீக்கிரம் போகாது. ஃபீஸ் நீங்க கட்டுங்க, பில்லைக் காட்டாதீங்க.

கடைசியா ஒரு விஷயம் சொல்லிட்டு முடிச்சுக்கறேன். செபியோட அந்த 2025 சுற்றறிக்கை மாதிரி விதி டிரேடிங் கோர்ஸ்காரங்களைத்தான் பிடிக்கும். ரிட்டயர்மென்ட் கோர்ஸ் விக்கிறவருக்கு நேத்து விலை எதுக்கு? அவர் எந்த ஷேர் பேரையும் சொல்ல வேண்டியதே இல்லை. மூணு நாள் ஜூம் வகுப்பு முடியும்போது, "உங்களுக்காக ஒரு இலவச ஒன்-ஆன்-ஒன் கால்" என்பார். அந்தக் கால்ல உங்க சம்பளம் கேப்பார், வயசு கேப்பார், கோடு அந்த இடத்துல தாண்டிடும். அப்போ அவர்கிட்ட ஐ.என்.ஏ. எண் கேளுங்க. சிலர்கிட்ட இருக்கும். இல்லாதவர் என்ன சொல்றார்னு எனக்கு எழுதுங்க, அடுத்த எபிசோட்ல பேர் இல்லாம வாசிக்கிறேன்.